கனகசெட்டிக்குளத்தில் முப்பது ‘சொல்ல முடியாது’

2008 பிப்ரவரி. வெள்ளி காலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பினேன். ஊர் பார்க்கப் போகவில்லை. புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இதில் அவை வராது. கையில் கேள்வித்தாளோடு தெரியாத ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று எனக்கு வரும் மின்னஞ்சல்களிலிருந்து தெரிகிறது. பெரும்பாலும் எம்.ஃபில். மாணவர்கள். பெரும்பாலும் கடைசி வாரத்தில்.

நானும் கடைசி வாரத்தில்தான் இருந்தேன். உளவியல். தானாக யோசிக்கும் இயந்திரங்களை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எவ்வளவு நம்புகிறார்கள், அதை எப்படி அளப்பது என்பது என் ஆய்வு. பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: முழுதாக நம்புவேன், நம்புவேன், சொல்ல முடியாது, நம்ப மாட்டேன், துளியும் நம்ப மாட்டேன். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று போட்டால் வாசலிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் ‘தானே யோசித்து முடிவு சொல்லும் கம்ப்யூட்டர்’ என்று போட்டிருந்தேன். அது மருந்து எழுதிக்கொடுத்தால்? பேருந்து ஓட்டினால்? கடலில் மீன் எங்கே என்று சொன்னால்?

சென்னையில் ஏற்கெனவே அறுபது படிவம் வாங்கியிருந்தேன். என் நெறியாளர் புரட்டிப் பார்த்தார். “இதுல பாதி உன் ஹாஸ்டல், மீதி பக்கத்து ஹாஸ்டல்” என்றார். கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு நிஜமாகவே ஏதாவது செய்கிறவர்களிடம் போய்க் கேள் என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திங்கள் மாலை நான்கு மணிக்குள் படிவங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இன்னொரு முறை கிடையாது. துறை விதிப்படி குறைந்தது அறுபது படிவம். இல்லாவிட்டால் குழு திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் பதிவு முடிந்துபோகும். ஒன்றரை வருடம் வீண்.

புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவ கிராமத்தில், கம்ப்யூட்டர் கணித்த அலை உயரத்தையும் மீன் இருக்கும் திசையையும் தினமும் ஒலிபெருக்கியில் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது போதும் என்று தோன்றியது.

கோயம்பேட்டில் காலை 5.50 பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலை வழி, 58 ரூபாய். புதுச்சேரி பஸ் நிலையத்தில் 9.30. பின்னாலேயே ஓர் அறை, நாளுக்கு 200. விசிறி சுற்றும், கொசுவும் சுற்றும். 75 படிவம் ஜெராக்ஸ் எடுத்தேன், 75 ரூபாய். ஆலைகளில் மெஷினோடு வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள் என்று பதினொரு மணிக்கு ரெட்டியார்பாளையம் போனேன். விழுப்புரம் சாலையில் டவுன் பஸ், மூன்று ரூபாய், கால் மணி நேரம்.

முதல் வீட்டில், ரேஷன் கார்டா என்றார்கள். இரண்டாவது வீட்டில், எலெக்‌ஷனா. மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா நான் வாயைத் திறப்பதற்குள், “வாஷிங் பவுடர் எங்ககிட்ட நெறைய கெடக்குதுமா” என்று உள்ளே போய்விட்டார். நான்காவது வீட்டில் கோதண்டம் இருந்தார். பஞ்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு மருந்துக்கடை வாசலில் காவலுக்கு இருக்கிறார். நாற்காலி போட்டார். முதல் கேள்வியை இரண்டு முறை படித்தார்.

“மெஷினை நம்பித்தான் இருபத்தாறு வருஷம் கைய உள்ள விட்டேன். பத்து வெரலும் இருக்குது பாரு. மேஸ்திரியத்தான் நம்பல. அதுக்குக் கட்டம் இருக்குதா?”

இல்லை என்றேன்.

“அப்ப இன்னா கேள்வி இது?”

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்: “நாப்பது வருஷமா என்னையே நம்ப மாட்டேங்குறாரு. கம்ப்யூட்டர நம்பப் போறாராம். நீ துளியும்னு டிக் பண்ணிக்கினு போம்மா.”

கோதண்டம் பன்னிரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. நாற்பது நிமிடம். பிறகு அவரே என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்பு. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முத்திரை எங்க?”

முத்திரை இல்லை, இது படிப்புக்காக என்றேன்.

“முத்திரை இல்லாத காகிதத்துல நான் எழுதுறதில்ல.” படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். “நான் உசுரோட இருக்கேன்னு வருஷா வருஷம் எழுதிக் காட்டணும். நேர்ல போய் நின்னாலும் காகிதம் கேப்பான். இந்தக் கம்ப்யூட்டர் அதத் தானா தெரிஞ்சிக்குமா?”

தெரிந்துகொள்ளலாம், ஒருநாள் என்றேன்.

“அப்ப முழுசா நம்புறேன். எல்லாத்துக்கும் போட்டுக்கோ. பேரு மட்டும் போடாத.”

மாலை ஆறு மணிக்குள் இருபத்தொன்று. கால் வலித்தது. ஆனால் இருபத்தொன்றும் இருபத்தொரு விதமாக இருந்தன. அறையில் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆய்வில் இது நல்ல செய்தி.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தேங்காய்த்திட்டு துறைமுகம். பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் 40 ரூபாய், மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நேரத்தில் போகாதீர்கள். போனால் செருப்பை மறந்துவிடுங்கள். படகுகள் வந்து ஏலம் நடக்கும் நேரம். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. “தள்ளும்மா, சங்கரா மீனு மேல கால வெக்காத” என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பதில். ஏலம் விடுகிறவர் இரண்டு கூடைகளுக்கு நடுவே என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி அதே ஏலக் குரலில், “கம்ப்யூட்டர நம்புறவன் யாருப்பா? கைய தூக்கு” என்றார்.

ஒரு கையும் இல்லை.

“செல்போன நம்புறவன்?”

எல்லாக் கைகளும். சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவர், “கம்ப்யூட்டர் சொல்ற எடத்துக்குப் போறேன்டா. டீசல் யாரு, கம்ப்யூட்டரா போடும்?” என்றார். கூடை கைமாறியது. ஏலம் தொடர்ந்தது.

ஒன்பதரைக்கு மேல் கூட்டம் கலைந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டேன். பதின்மூன்று. மொத்தம் முப்பத்து நான்கு. இன்னும் இருபத்தாறு.

நான் கேள்விப்பட்ட ஒலிபெருக்கி கிராமம் கனகசெட்டிக்குளம். பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ். பதினேழு கிலோமீட்டர், ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம். அதற்கு அப்பால் தமிழ்நாடு. மதியம் இரண்டரைக்கு இறங்கினேன். முதல் தெருவில் ஒரு பெண் மீனைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“பஞ்சாயத்துல கேட்டியா?”

உங்கள் கருத்துதான் வேண்டும், பஞ்சாயத்துடையது இல்லை என்றேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். “கேட்டுட்டு வா.”

அடுத்த மூன்று வீட்டிலும் அதேதான். ஐந்தாவது வீட்டுக்கு நான் போகவில்லை. கோவிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் பஞ்சாயத்தார் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தலைவர் பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. படிவத்தை முழுவதும் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். 

“எத்தினி வேணும்?”

முப்பது என்றேன். இருபத்தாறு போதும். ஆனால் ஒன்றிரண்டு வீணாகும்.

“வெச்சிட்டுப் போ. நாளைக்குப் பத்து மணிக்கு வா. ஆயிடும்.”

இங்கே நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். வெச்சிட்டுப் போனேன். வேறு வழி இல்லை என்று அப்போது தோன்றியது. பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன், அறுபத்து நான்கு. ஜன்னலில் கடற்காற்று. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு 9.50-க்கே போய்விட்டேன். கட்டு தயாராக இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு. முப்பது பெயர்கள், முப்பது வயதுகள், முப்பது கையெழுத்துகள். சில கைரேகைகள். அந்தக் கூடத்திலேயே புரட்டினேன். முதல் படிவம்: பன்னிரண்டு கேள்விக்கும் சொல்ல முடியாது. இரண்டாவது: பன்னிரண்டுக்கும் சொல்ல முடியாது. பத்தாவது. இருபதாவது. முப்பதாவது.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே” என்றேன்.

“ஆமா” என்றார் ஏழுமலை. “நேத்து சாயங்காலம் கூட்டம் போட்டுப் பேசினோம். ஒன்றரை மணி நேரம்.”

என் முகத்தைப் பார்த்திருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இங்க பாரும்மா. நம்புறோம்னு போட்டா, அதான் மெஷினு இருக்குல்ல, உங்களுக்கு எதுக்கு மீன்துறை ஆபீசருன்னு கவர்மெண்டுல கேப்பான். நம்பலைன்னு போட்டா, குடுத்த ஸ்பீக்கரக் கழட்டிக்கினு போயிடுவான். அதான் நடுவுல.”

இது அரசாங்கப் படிவம் இல்லை, என் படிப்பு என்றேன். நேற்றும் சொல்லியிருந்தேன்.

“எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க. அலை வந்த வருஷம் எத்தினியோ பேரு எழுதிக்கினு போனாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். ஒரே தெருவுல ஒருத்தனுக்குப் படகு வந்தது, எதிர் வீட்டுக்காரனுக்கு வெறும் வலை. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. அதுலேர்ந்து எந்தக் காகிதம் வந்தாலும் ஊருக்கு ஒரே பதிலு.”

 நன்றி சொல்லி எழுந்தேன். முப்பது பேரின் ஒன்றரை மணி நேரம் என் கையில் இருந்தது. என் அளவுகோலில் அதன் மதிப்பு பூஜ்யம்.

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவரில் ஒயர். செல்வி என்ற பெண் அங்கே இருந்தாள், இருபத்திரண்டு வயது. கணிப்பைப் படிப்பது அவள்தான். காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். டீ வாங்கிவந்தாள். மூலையில் ஒரு மேசை இருந்தது, அதை எனக்குத் தள்ளிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

கட்டையே புரட்டிக்கொண்டிருந்ததில் மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. நாளை நான்கு மணிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். புதிதாக இருபத்தாறு பேரைப் பிடிக்க முடியாது. ரெட்டியார்பாளையத்துக்குத் திரும்பினால் இருட்டுவதற்குள் பத்து பேர், அதிகம் போனால். பையில் மூன்று பேனா இருந்தது. நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று. படிவங்களில் நீலமும் கறுப்பும்தான். ஒரு கட்டத்தில் சின்னக் கோடு. பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக். சிலருக்கு இரண்டு மாற்றம், சிலருக்கு ஐந்து. முப்பது பேர் முப்பது விதமாகிவிடுவார்கள். யாருக்குத் தெரியும். மீனவர்கள் மிதமாக நம்புகிறார்கள் என்று முடிவு வரும். அது உண்மையாகவும் இருக்கக்கூடும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் யாராவது இதே மேசையில் உட்காருவீர்கள்.

முதல் படிவத்தின் மேல் பேனாவை வைத்தேன்.

“இன்னாக்கா, நீயே எழுதுற?”

செல்வி. குரலில் குற்றம் எதுவும் இல்லை. சும்மா கேட்டாள். பேனாவை மூடினேன். சரிபார்க்கிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் மறுபடி பேனாவைத் திறக்கவில்லை. ஆனால் பைக்குள்ளும் போடவில்லை. மேசை மேலேயே கிடந்தது.

கணிப்பு தினமும் மூன்றரைக்கு வரும். நான்கு மணிக்குப் படிப்பாள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு ஏற்ப முடிவு செய்வார்கள். அன்றைக்கு மூன்றரைக்கு வரவில்லை. மூன்று ஐம்பதுக்கும் வரவில்லை. லைன் போயிருந்தது. செல்வி போன் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆள் இல்லை. நேற்றைய தாள் மேசையில் இருந்தது. அலை ஒன்றேகால் மீட்டர். வெளியே கடல் நேற்றைப்போலவேதான் இருந்தது, என் கண்ணுக்கு.

நேற்றையதையே படித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். நான் எதற்காக அதைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். “வரலைன்னா வரலைன்னுதான்க்கா சொல்லணும்.”

நான்கு மணிக்கு மைக்கைப் போட்டாள். தெருவெல்லாம் அவள் குரல் கேட்டது: “இன்னைக்கு அலை விவரம் இன்னும் வரல. மீன் விவரமும் வரல. வந்ததும் படிக்கிறேன்.” மைக்கை அணைத்தாள். அவ்வளவுதான்.

நான்கு ஐந்துக்கு முதல் போன். “வரல மாமா. இல்ல, தெரியாது. நான் எப்படிச் சொல்றது?” நான்கு பத்துக்கு இன்னொன்று. பிறகு வரிசையாக. பிறகு ஆட்கள் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பீடி பற்றவைத்தார். என் கட்டில் பதினேழாவது படிவம் அவருடையது. கூடத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதனால் தெரியும். பன்னிரண்டு கேள்விக்கும் சொல்ல முடியாது.

நான்கரைக்கு ஏழுமலை வந்தார். உள்ளே வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வரலையா?”

“இன்னும் இல்ல மாமா.”

“சரி.” போகவில்லை. அங்கேயே நின்றார். யாரோ அவரிடம், “கெளம்பு தலைவரே, வந்தா ஸ்பீக்கர்ல கேக்கப்போறோம்” என்றார்கள். “நீ போ” என்றார். சொன்னவரும் போகவில்லை.

நான் ஒரு காலிப் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். நேரம், போன், ஆள். ஏழு போன். ஜன்னலில் ஒன்பது பேர். ஏழுமலை அதைப் பார்த்தார்.

“இதையும் எழுதிக்கினியா?”

பேனாவை நிறுத்தினேன். “எழுதலாமா?”

கடல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “எழுது. ஊரு சொன்னது அந்தக் காகிதத்துல இருக்குது, அத மாத்தாத. இதுல நம்புறோம்னு எழுதாத. காத்துக்கினு இருந்தோம்னு எழுது.”

ஐந்து பத்துக்கு லைன் வந்தது. அலை ஒன்றரை மீட்டர். மீன் தென்கிழக்கே. செல்வி இரண்டு முறை படித்தாள். ஜன்னல் காலியானது. ஒருவரும் நன்றி சொல்லவில்லை, நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. பீடித் துண்டுகள் மட்டும் கிடந்தன. செல்வி துடைப்பம் எடுத்து வந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு டவுன் பஸ். ஏழு மணிக்குச் சென்னை பஸ்.

திங்கள் காலை நெறியாளரிடம் இரண்டு உறைகள் கொடுத்தேன். ஒன்றில் முப்பத்து நான்கு. இன்னொன்றில் முப்பது, அதன் மேல் ‘ஒரே பதில்’ என்று எழுதியிருந்தேன். கூடவே அந்தப் பின்பக்கத் தாள். அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

“காத்திருந்தத எந்த அளவுகோல்ல வைப்ப?”

“தெரியல சார்.”

“அறுபது இல்ல. குழு திருப்பி அனுப்பலாம். தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். மூன்று நாற்பதுக்கு இரண்டு உறைகளையும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மூன்று நாள் செலவு, அறை, பஸ், ஜெராக்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். துறைமுகத்துக்கு ஒன்பதரைக்கு மேல் போங்கள். ரெட்டியார்பாளையத்தில் முற்பகல் நல்லது, மதியம் எல்லோரும் தூங்குவார்கள். முடிந்தால் உங்கள் துறையின் முத்திரையைப் படிவத்தில் குத்திக்கொண்டு போங்கள், சொல்தாக்கள் கேட்பார்கள். மீனவ கிராமத்தில் வீடு வீடாகப் போகுமுன் பஞ்சாயத்தில் கேளுங்கள், ஆனால் தனித்தனியாகப் பேசத்தான் அனுமதி வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் மூன்றாவது வாக்கியத்தில்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலிப் படிவத்தை ஒரு இரவு விட்டுவிட்டு வராதீர்கள். வந்துவிட்டால், திரும்பி வருவதை வந்தபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழு இதுவரை திருப்பி அனுப்பவில்லை. வாய்மொழித் தேர்வு ஏப்ரலில். எத்தனை பேர் என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். முப்பத்து நான்கு பேர், ஓர் ஊர் என்று சொல்லப்போகிறேன்.